எழுத்துத் தட்டுகளும் எழுத்தறியாக் கைகளும்

பழம்பொருள் சேகரிப்பு என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை நாணயங்கள், அஞ்சல்தலைகள், செப்பேடுகள், மரச்சிற்பங்கள் போன்றவையே. குழந்தை பால் குடித்த கோப்பைக்கும் கூழ் உண்ட தட்டுக்கும் அந்த வரிசையில் இடமுண்டா என்று ஐயுறுவோர் இருக்கலாம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அவற்றுக்கு உறுதியான ஓர் இடம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து குழந்தைகளுக்கென்றே படம் அச்சிட்டுச் செய்யப்பட்ட தட்டுகளையும் கோப்பைகளையும் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். நோயல் ரைலி என்ற ஆய்வாளர் 1790 முதல் 1890 வரையிலான குழந்தைப் பாத்திரங்களின் வரலாற்றை ஒரு பெருநூலாகத் தொகுத்து 1991இல் வெளியிட்டார். அதற்கடுத்த நூறாண்டுகளின் வரலாற்றை மொரீன் பாட்கின் 1996இல் எழுதினார். இவ்வளவு உழைப்பைக் கோரும் அளவுக்கு அந்தச் சிறு தட்டுகளில் என்னதான் இருக்கிறது?

படம் இருக்கிறது, பாடம் இருக்கிறது, அறிவுரை இருக்கிறது. ஒரு சமூகம் தன் குழந்தைகளைப் பற்றி என்ன கனவு கண்டது என்பதன் பதிவு இருக்கிறது. இவற்றைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. ஆனால் அத்தட்டுகளை எடுத்துப் பார்க்கும்போது நாம் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு. இது எந்தக் குழந்தைக்காகச் செய்யப்பட்டது என்று கேட்கிறோம். எந்தக் குழந்தையால் செய்யப்பட்டது என்று கேட்பதில்லை. இந்த இரண்டாவது கேள்வியைச் சற்று விரிவாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

செப்புத்தகடும் மெல்லிய தாளும்

முதலில் ஒரு விளக்கம். பீங்கான் என்று பொதுவாகச் சொன்னாலும் இப்பாத்திரங்களில் பெரும்பாலானவை உயர்ரகச் சீனப் பீங்கான் அல்ல. வெண்மையான களிமண்ணைச் சுட்டு மெருகிட்ட மட்பாண்டங்கள் அவை. விலை மலிவானவை. அவற்றில் பெரும்பகுதி இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் மாவட்டத்தில் உருவானது. டன்ஸ்டால், பர்ஸ்லெம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன் என்று அடுத்தடுத்து அமைந்த ஆறு ஊர்கள் அங்கே மட்பாண்டத் தொழிலால் வளர்ந்தன. 1910இல் அவை ஒரே நகரமாக இணைக்கப்பட்டன. அதுவே இன்றைய ஸ்டோக்-ஆன்-டிரெண்ட். களிமண்ணும் நிலக்கரியும் அருகருகே கிடைத்ததால் சூளைகள் அங்கே பெருகின. வெண்களிமண் பின்னர் கார்ன்வாலிலிருந்தும் டெவனிலிருந்தும் வந்தது.

குழந்தைக்கென்று ஒரு தனித் தட்டு என்பது நெடுங்காலம் செல்வர் வீட்டு வழக்கமாகவே இருந்தது. ஒவ்வொரு படத்தையும் கையால் தீட்ட வேண்டியிருந்தவரை அது மலிவாகக் கிடைக்க வழியில்லை. இந்நிலையை மாற்றியது படத்தைத் தாளின் வழியாகப் பாத்திரத்திற்கு மாற்றும் அச்சுமுறை. 1756ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் லிவர்ப்பூலைச் சேர்ந்த ஜான் சாட்லர், கை கிரீன் என்ற இருவர் ஆறு மணி நேரத்தில் 1200க்கும் மேற்பட்ட சுவர் ஓடுகளில் படம் அச்சிட்டதாகச் சான்றுறுதி அளித்தார்கள். ஜோசையா வெட்ஜ்வுட் 1760களில் தம் பாத்திரங்களை லிவர்ப்பூலுக்கு அனுப்பி இவர்களிடம் படம் பதித்து வாங்கினார். பின்னர் ஸ்டாஃபர்ட்ஷயரிலேயே இத்தொழில் வேரூன்றியது.

இந்த முறையைத் தெரிந்துகொள்வது அவசியம். பிற்பாடு நாம் பேசப்போகும் கைகள் இதற்குள்ளேதான் இருக்கின்றன. செப்புத்தகட்டில் படத்தைச் செதுக்கி, தகட்டைச் சூடாக்கி, உலோக ஆக்சைடு கலந்த கெட்டியான எண்ணெய் மையைக் கோடுகளுக்குள் தேய்ப்பார்கள். மிகுந்த மையைச் சுரண்டி எடுத்துவிட்டு, சோப்பு நீரில் நனைத்த மெல்லிய தாளை அதன்மேல் வைத்து உருளை அச்சில் செலுத்துவார்கள். படம் தாளில் ஏறும். அச்சிட்ட தாளைக் கத்தரிக்கோலால் வடிவமாக வெட்டுவது ஒருவர் வேலை. வெட்டிய தாளை ஒருமுறை சுட்ட பாத்திரத்தின் மேல் ஒட்டி, முரட்டுத் தூரிகையால் அழுத்தித் தேய்ப்பது இன்னொருவர் வேலை. பாத்திரத்தை நீரில் அமிழ்த்தினால் தாள் கழன்றுவிடும், மை மட்டும் தங்கும். எண்ணெய் எரிந்துபோக ஒருமுறை சூடாக்கி, மெருகுக் குழம்பில் தோய்த்து, மீண்டும் சூளையில் அடுக்குவார்கள். வண்ணம் வேண்டுமானால் அதன்பின் தூரிகையால் அங்கங்கே தொட்டு வைப்பார்கள்.

ஒரு சிறு கோப்பை இப்படிப் பலர் கைமாறித்தான் கடைக்கு வந்தது. அப்படியும் அது மலிவாக இருந்தது. ஏன் மலிவாக இருந்தது என்பதற்கான விடையின் ஒரு பாதி அச்சுமுறையில் இருக்கிறது. மறுபாதிக்குப் பிறகு வருவோம்.

பரிசும் போதனையும்

ஆரம்பகாலக் குழந்தைக் கோப்பைகள் மிகச் சிறியவை. உயரம் சுமார் 2.5 அங்குலம். தட்டுகள் 5 முதல் 8 அங்குல விட்டம் கொண்டவை. கோப்பையின் மீது ஒரு மாலை வளையம், அதற்குள் ஒரு பெயர்: மேரிக்கு, வில்லியமுக்கு, என் அன்பு மகளுக்கு, நல்ல பையனுக்கு. ஊர்ச் சந்தைகளில் வாங்கிக் குழந்தைக்குப் பரிசாகத் தந்த பொருள்கள் இவை. தாமாகப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் அந்த எழுத்துகள் தன் பெயர் என்பது தெரியும். தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஓர் ஏழைக் குழந்தைக்குக் கிடைத்த முதல் உடைமை பல வீடுகளில் இந்தக் கோப்பையாகவே இருந்திருக்கும்.

அடுத்துவந்தது போதனை. ஐசக் வாட்ஸ் என்ற சமயக் கவிஞர் 1715இல் குழந்தைகளுக்காக வெளியிட்ட பாடல்கள் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் தட்டுகளின் நடுவே படத்தோடு அச்சிடப்பட்டன. தேனீயின் உழைப்பைப் போற்றும் அவருடைய புகழ்பெற்ற பாடலை லூயிஸ் கரோல் 1865இல் தம் ஆலிஸ் கதையில் பகடி செய்தார். குழந்தைகள் அதை அந்த அளவுக்கு மனப்பாடமாக அறிந்திருந்தார்கள் என்பதற்கு அப்பகடியே சான்று. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பஞ்சாங்கங்களில் எழுதிவந்த பழமொழிகளும் அவ்வாறே தட்டுகளுக்கு வந்தன. 1758இல் அவற்றை அவர் செல்வத்திற்கான வழி என்ற பொருள்படும் தலைப்பில் தொகுத்திருந்தார். சோம்பலைக் கண்டிப்பது, வைகறையில் எழுவதைப் புகழ்வது, காசைச் சேமிக்கச் சொல்வது என்று அவற்றின் போக்கு ஒன்றே. தட்டின் நடுவில் பட்டறையில் உழைக்கும் மனிதர்களின் படம், சுற்றிலும் மொழி.

நமக்கு இதில் வியப்பில்லை. அகரவரிசையில் அறத்தைக் கோத்துத் தந்த ஆத்திசூடி மரபு நம்முடையது. எழுத்தையும் ஒழுக்கத்தையும் ஒரே மூச்சில் ஊட்டுவது பல பண்பாடுகளில் காணப்படும் வழக்கம்தான். ஆங்கிலேயர் அதை உணவுத் தட்டில் ஏற்றினார்கள். கூழை உண்டு முடித்தால்தான் அடியில் இருக்கும் படமும் வாசகமும் தெரியும் என்ற சிறு தந்திரமும் அதில் சேர்ந்துகொண்டது.

அரசியலும் தட்டுக்கு வந்தது. அடிமைமுறை எதிர்ப்பு இயக்கம் இங்கிலாந்தில் வலுப்பெற்றபோது, விலங்கிட்ட அடிமையின் உருவமும் விடுதலை வேண்டும் வாசகமும் பாத்திரங்களில் அச்சிடப்பட்டன. ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் அங்கிள் டாம்ஸ் கேபின் 1852இல் நூலாக வெளிவந்து பெருவெற்றி பெற்றவுடன், அக்கதைக் காட்சிகள் குழந்தைத் தட்டுகளில் இடம்பெற்றன. மதுவிலக்குப் பிரசாரமும் அப்படியே. ஓர் ஆங்கிலக் குழந்தை தன் காலை உணவின்போது கடல்கடந்த அடிமைச் சிறுவனுக்காகக் கண் கலங்க வேண்டும் என்று அத்தட்டைச் செய்தவர்கள் எதிர்பார்த்தார்கள். அந்த எதிர்பார்ப்பில் பொய்யில்லை. ஆனால் அந்தத் தட்டு உருவான பட்டறைக்குள் நாம் இப்போது நுழைய வேண்டும்.

அச்சு சுமந்த சிறுவர்கள்

தட்டு வனைபவர் சுழலும் சக்கரத்தின்மேல் சாந்து அச்சை வைத்து, அதன்மேல் களிமண் வட்டத்தை அழுத்தித் தட்டாக்குவார். ஈரமான தட்டை அச்சோடு உடனே உலர்த்தும் அறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அங்கே தட்டுப்பலகைகளில் அடுக்கிவிட்டு, உலர்ந்த தட்டைக் கழற்றி, வெறும் அச்சோடு ஓடிவர வேண்டும். அவர் கை நிற்கக்கூடாது. ஆகவே இந்த வேலைக்குச் சிறுவர்களை வைத்துக்கொண்டார்கள். அச்சோட்டிகள் என்று தமிழில் சொல்லலாம். அங்கே அவர்களை மோல்டு ரன்னர் என்றார்கள். நாள் முழுவதும் ஓடுவதே அவர்கள் வேலை.

1840களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு குழந்தைத் தொழிலாளர் நிலையை ஆராய ஓர் ஆணையம் அமைத்தது. ஸ்டாஃபர்ட்ஷயர் மட்பாண்டத் தொழிலை ஆராய அனுப்பப்பட்டவர் சாமுவேல் ஸ்கிரிவன். அவர் பட்டறை பட்டறையாகச் சென்று, சிறுவர்களிடமும் சிறுமிகளிடமும் நேரில் வாக்குமூலம் பெற்றார். உலர்த்தும் அறைகளைப் பற்றிய அவருடைய விவரிப்பு இன்றும் படிப்பவரை அசைக்கும். அறைக்குள் அறை, சன்னல் கிடையாது, நடுவே செக்கச் சிவக்கக் காய்ந்த இரும்பு அடுப்பு. வெப்பம் பலமுறை 130 ஃபாரன்ஹீட் டிகிரியை எட்டியதாகவும், அங்கே தம் வெப்பமானிகள் இரண்டு உடைந்துபோனதாகவும் அவர் எழுதுகிறார். அந்த வெப்பத்திலிருந்து வெளியே உறைபனிக்குள், காலணியும் மேலங்கியும் இன்றி, வியர்வையோடு சிறுவர்கள் ஓடுவதைக் கண்டார். குட்டி அடிமைகளைப் போல என்ற பொருள்படும் சொற்களையே அவர் பயன்படுத்தினார். அடிமைமுறைக்கு எதிரான தட்டுகள் வெளிவந்த அதே மாவட்டத்தைப் பற்றி அரசு ஆய்வாளர் ஒருவர் எழுதிய சொல் அது.

அச்சுக்கூடங்களில் தாளைக் கத்தரித்தவர்கள் பெரும்பாலும் சிறுமிகள். வண்ணம் தொட்டு வைத்தவர்களிலும் சிறுமிகளும் இளம்பெண்களும் மிகுதி. ஸ்கிரிவன் பதிவுசெய்த வாக்குமூலங்கள் பலவற்றில் திரும்பத் திரும்ப வரும் செய்தி ஒன்று உண்டு: எனக்குப் படிக்கத் தெரியாது, எழுதத் தெரியாது. சிலருக்கு ஞாயிற்றுப் பள்ளியில் கற்ற கொஞ்சம் எழுத்து. வேறு சிலருக்கு அதுவும் இல்லை. அறிவுரை வாசகத்தைச் சுற்றிக் கத்தரித்த சிறுமிக்கு அந்த வாசகம் வெறும் கோடாக மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய நிலை அது.

இந்த வாழ்வை உள்ளிருந்து எழுதியவர் ஒருவர் இருக்கிறார். 1832இல் டன்ஸ்டாலில் பிறந்த சார்லஸ் ஷா, ஏழு வயதில் வாரம் ஒரு ஷில்லிங் கூலிக்கு அச்சோட்டியானார். பின்னாளில் மெதடிஸ்ட் சபைப் போதகராகி, முதுமையில் தம் இளமையை எழுதினார். அந்நூல் 1903இல், ஆசிரியர் பெயராக ஒரு பழைய குயவர் என்று மட்டும் குறித்து வெளிவந்தது. அதிகாலையில் தொடங்கி இரவில் முடியும் நாள்கள், வேலையின் நடுவே வரும் தூக்கம், அடி, வேலையில்லாமல் போனபோது 1842இல் குடும்பமே ஏழையர் விடுதிக்குச் சென்றது என்று அவர் விவரிக்கும் எதுவும் மிகைச்சொல் அற்றது. நாவலாசிரியர் ஆர்னல்ட் பென்னட் 1910இல் வெளியிட்ட கிளேஹேங்கர் நாவலில், டேரியஸ் கிளேஹேங்கர் என்ற பாத்திரத்தின் இளமைக்கு ஷாவின் நினைவுகளே அடிப்படை.

ஷா சொல்லும் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. அச்சோட்டிச் சிறுவனுக்குக் கூலி தந்தவர் ஆலை முதலாளி அல்ல, தட்டு வனையும் தொழிலாளி. அவருக்கோ எண்ணிக்கைக் கணக்கில் கூலி. வாரத் தொடக்கத்தில் குடித்துவிட்டு வேலைக்கு வராத தொழிலாளிகள், வார இறுதியில் அத்தனையையும் ஈடுகட்ட முனைந்தபோது, சிறுவர்கள் இரவும் ஓட வேண்டியிருந்தது. சோம்பலைக் கண்டிக்கும் தட்டுக்குப் பின்னால் பெரியவர்களின் சோம்பலுக்கும் சேர்த்து உழைத்தவன் சிறுவன். அந்தத் தட்டு ஏன் மலிவாக இருந்தது என்ற கேள்வியின் மறுபாதி விடை இதுதான்.

இன்னொரு தீங்கு கண்ணுக்குத் தெரியாதது. மெருகுக் குழம்பில் ஈயம் இருந்தது. பாத்திரங்களைக் கையால் குழம்பில் தோய்த்தவர்களும் அவர்களுக்கு உதவிய சிறுவர்களும் கடும் வயிற்றுவலியாலும் மணிக்கட்டு செயலிழப்பாலும் துன்புற்றார்கள். 1898இல் பிரிட்டிஷ் உள்துறை தாமஸ் ஆலிவர் என்ற மருத்துவரையும் எட்வர்ட் தார்ப் என்ற வேதியியலாளரையும் இதை ஆராயப் பணித்தது. ஈயமற்ற மெருகு இயலும் என்று அவர்கள் காட்டியும் தொழில் மெதுவாகவே மாறியது.

எழுத்துத் தட்டுகளின் காலம்

ஸ்கிரிவனின் அறிக்கைக்குப் பின் உடனடியாகச் சட்டம் எதுவும் மட்பாண்டத் தொழிலுக்கு வரவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து 1863இல் வெளிவந்த புதிய ஆணைய அறிக்கையிலும் அதே உலர்த்தும் அறை, அதே ஓட்டம். எட்டு வயது நிறையும் முன்பே அச்சோடத் தொடங்கி, காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை வேலை செய்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனின் வாக்குமூலம் அதில் இருக்கிறது. கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட மூலதனத்தின் முதல் தொகுதியில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் இச்சிறுவனை எடுத்துக்காட்டுகிறார். ஜோசையா வெட்ஜ்வுட் அண்ட் சன்ஸ் உட்பட 26 நிறுவனங்கள், போட்டியால் தாமாகச் சீர்திருத்த முடியவில்லை, சட்டம் வேண்டும் என்று அரசிடம் மனுச் செய்ததையும் அவர் அடிக்குறிப்பில் பதிவுசெய்கிறார். நல்லெண்ணம் கொண்ட முதலாளிகள் இருந்தும் அவர்களால் தனித்து இயங்க இயலவில்லை என்பதை இம்மனு காட்டுகிறது.

1864இல் சட்டம் வந்தது. எட்டு வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு வைக்கத் தடை. எட்டு முதல் பதின்மூன்று வயது வரையுள்ளவர்களுக்கு அரைநேர வேலை, மீதி நேரம் பள்ளி. 1870இல் தொடக்கக் கல்விச் சட்டம். 1880இல் பள்ளி வருகை கட்டாயம். குழந்தைப் பாத்திரங்களில் ஏபிசி தட்டுகள் பெருமளவில் மலர்ந்ததும் இந்தக் காலகட்டத்தில்தான். எழுத்தறிவு எல்லாருக்கும் உரியது என்ற எண்ணம் பரவப் பரவ, எழுத்துத் தட்டுக்குச் சந்தை விரிந்தது.

தட்டின் விளிம்பில் ஆங்கில எழுத்து 26உம் மேடெழுத்தாகவோ அச்செழுத்தாகவோ சுற்றிவர, நடுவில் படம் அமையும். மேடெழுத்தாக அமைந்தவற்றைக் குழந்தை விரலாலும் தடவிப் படிக்கலாம். விலங்குகள், விளையாட்டுகள், மாதங்கள், பழமொழிகள், புதிர்கள், ராபின்சன் குரூசோவின் தீவுக் காட்சிகள் என்று படங்கள் பல. அமெரிக்காவுக்கு இவை ஏராளமாக ஏற்றுமதியாயின. அதனால்தான் இன்றும் இவ்வகைச் சேகரிப்பாளர்கள் அமெரிக்காவில் அதிகம். எல்ஸ்மோர் அண்ட் சன், பிரவுன்ஹில்ஸ் பாட்டரி கம்பெனி ஆகிய இரண்டும் இத்தட்டுகளுக்குப் பெயர்பெற்றவை. இரண்டும் 1872இல் தொடங்கியவை, இரண்டும் டன்ஸ்டாலைச் சேர்ந்தவை. சார்லஸ் ஷா ஏழு வயதில் அச்சு சுமந்து ஓடிய அதே ஊரிலிருந்து, ஒரு தலைமுறை கழித்து, அட்லாண்டிக் கடல் தாண்டிய குழந்தைகளுக்கு அரிச்சுவடி தட்டில் போனது.

ஓவியர்களின் வருகை

அதுவரையில் படம் வரைந்தவர் யார் என்று எவரும் கேட்டதில்லை. செதுக்குவோர் கிடைத்த புத்தகப் படங்களை எடுத்தாண்டார்கள். கேட் கிரீனவே 1879இல் வெளியிட்ட அண்டர் தி விண்டோ நூலின் முதற்பதிப்பு 20,000 படிகளும் விரைவில் விற்றுத் தீர்ந்தன. தொங்கும் பாவாடையும் தலைக்குல்லாயும் அணிந்த அவருடைய குழந்தைகள் அனுமதியின்றியே பாத்திரங்களில் ஏறினார்கள். பல வண்ணங்களை ஒரே தாளில் அச்சிட்டு ஒட்டும் கல்லச்சு முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியபின், கையால் வண்ணம் தொடும் வேலை குறைந்தது. படம் துல்லியமானது. ஓவியரின் பெயருக்கு மதிப்பு வந்தது.

இருபதாம் நூற்றாண்டில் போதனை விலகி விளையாட்டு முன்னுக்கு வந்தது. லாங்டனின் ஷெல்லி நிறுவனம் 1926இல் மேபல் லூசி அட்வெல்லின் படங்களோடு பாத்திரங்களை வெளியிட்டது. தேநீர்க் கெண்டி காளான் வீடாக இருந்தது. வெட்ஜ்வுட் நிறுவனத்துக்காக எரிக் ரவீலியஸ் 1937இல் வடிவமைத்த எழுத்துக் கோப்பையில் அரிச்சுவடி மீண்டும் வந்தது. ஆனால் அதில் அறிவுரை இல்லை, எழுத்துக்கொரு சிறு படம் மட்டும். போர்க்கால ஓவியராகச் சென்ற ரவீலியஸ் 1942இல் ஐஸ்லாந்துக்கு அப்பால் விமானத்தோடு காணாமற்போனார். பியாட்ரிக்ஸ் பாட்டரின் பீட்டர் ராபிட் முயலை வெட்ஜ்வுட் 1949இல் தட்டில் ஏற்றியது. இன்றும் பலருக்குக் குழந்தைத் தட்டு என்றால் நினைவுக்கு வருவது அந்த முயல்தான்.

இவற்றுள் வியப்பூட்டும் கதை பனிகின்ஸ் முயல்களுடையது. பர்ஸ்லெம் ராயல் டால்டன் ஆலையின் பொது மேலாளர் கத்பர்ட் பெய்லிக்குக் குழந்தைப் பாத்திரங்களுக்குப் புதிய படங்கள் தேவைப்பட்டன. தம் மகள் சிறுவயதில் வரைந்த முயல்கள் நினைவுக்கு வந்தன. மகள் பார்பரா அப்போது சஸெக்ஸில் ஒரு கன்னியர் மடத்தில் துறவி. மடத்துப் பள்ளியில் வரலாறு கற்பித்துவந்தவர். பகலில் பாடமும் வழிபாடும் போக, இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் முயல்களை வரைந்து தந்தைக்கு அனுப்பினார். 1934இல் அவை சந்தைக்கு வந்தன. பார்பரா வெர்னன் என்ற கையொப்பம் படத்தில் இருந்தது. அதை வாங்கிய பெற்றோர் பெரும்பாலோருக்கு அவர் ஒரு துறவி என்பது தெரியாது. அதற்காக அவர் ஊதியம் பெறவில்லை. 2003இல் அவர் மறைந்தார். அந்த முயல்கள் உருவான பர்ஸ்லெம் நைல் தெரு ஆலை 2005இல் மூடப்பட்டது.

பெயர் இல்லாத சிறுமிகளிலிருந்து பெயர் மட்டும் தெரிந்த துறவி வரை, இந்தப் பாத்திரங்களின் வரலாறு ஒருவகையில் உழைத்தவர் யார் என்பது மறைந்தும் வெளிப்பட்டும் வரும் வரலாறு எனலாம்.

சேகரிப்பவர் காண்பது

இனி சேகரிப்புக்கு வருவோம். ஆரம்பகாலக் குழந்தைப் பாத்திரங்கள் பெரும்பாலானவற்றில் நிறுவன முத்திரை இருப்பதில்லை. காலத்தை வேறு தடயங்களால் கணிக்க வேண்டும். மெருகு அடிவிளிம்பில் தேங்கிய இடத்தில் இளநீலம் தெரிந்தால், அது கோபால்ட் கலந்து வெண்மை கூட்டிய பழைய முத்துவெண் வகை. வடிவமைப்பைப் பதிவுசெய்ததைக் காட்டும் வைரவடிவ முத்திரை 1842 முதல் 1883 வரையிலானது. 1884இலிருந்து வெறும் எண். இங்கிலாந்து என்ற சொல் பொறிக்கப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டது. அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று விதித்ததே காரணம். எழுத்துத் தட்டுகளுக்குப் புதிய போலிப் படிகளும் உண்டு. அவற்றில் எழுத்து மழுங்கியிருக்கும், மெருகு மிகச் சீராக இருக்கும். பழைய மெருகில் ஈயம் இருப்பதால் இவற்றில் எவரும், குறிப்பாகக் குழந்தைகள், உணவு உண்ணலாகாது.

சந்தையில் பழுதற்ற துண்டுக்கே விலை. விரிசல் இல்லாதது, படம் நேராக விழுந்தது, வண்ணம் கலையாதது. இது இயல்பான விருப்பம்தான். ஆனால் பழுதற்ற தட்டு என்றால் என்ன? எந்தக் குழந்தையும் பயன்படுத்தாமல் அலமாரியில் நின்ற தட்டு. கரண்டிக் கீறலோடு, விளிம்பு தேய்ந்து, நடுவில் இருந்த முகம் பாதி அழிந்த தட்டுதான் தன் வேலையைச் செய்தது. அதைத் தள்ளிவிடும்போது, உண்ட குழந்தையின் தடயத்தைத் தள்ளுகிறோம்.

அதேபோல் இன்னொரு தடயமும் உண்டு. அதைச் சந்தை குறை என்று சொல்கிறது. படத்தின் ஒரு மூலை மடங்கி விழுந்திருக்கும். வெட்டிய தாளின் விளிம்பு, மரத்தின் பாதியைக் கொண்டுபோயிருக்கும். விளிம்பு அலங்காரத்தின் இரு முனைகள் பொருந்தாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். சிவப்பு வண்ணம் குழந்தையின் சட்டையைத் தாண்டி வானத்தில் வழிந்திருக்கும். இவை நாள்தோறும் நூற்றுக்கணக்கில் வேலை செய்த கைகளின் வேகம். அவற்றுள் பல கைகள் அத்தட்டை வாங்கப்போகும் குழந்தையின் கையைவிடப் பெரியவை அல்ல. ஒரு குறிப்பிட்ட கறை ஒரு குறிப்பிட்ட சிறுமியுடையது என்று எவராலும் நிறுவ முடியாது. ஆயினும் அக்கூடங்களில் யார் வேலை செய்தார்கள் என்பதை ஆணைய அறிக்கைகள் ஐயத்துக்கிடமின்றிச் சொல்கின்றன.

இதனால் அத்தட்டுகளை வெறுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அவை அழகானவை. மகளின் பெயர் எழுதிய கோப்பையைச் சந்தையில் வாங்கிவந்த தந்தையின் அன்பும் உண்மையானது. அவரே ஒரு சூளைத் தொழிலாளியாக இருந்திருக்கலாம். அன்பும் சுரண்டலும் ஒரே பொருளில் ஒட்டியிருப்பது வரலாற்றில் அரிதல்ல. நம் காலத்துக் குழந்தைகள் கையில் தரும் பொம்மைகளையும் ஆடைகளையும் பற்றி இதே கேள்வியை எழுப்பினால், விடை எல்லா நேரத்திலும் நிம்மதி தருவதாக இராது.

லாங்டனில் கிளாட்ஸ்டன் மட்பாண்ட அருங்காட்சியகம் என்ற பழைய ஆலை பாதுகாக்கப்பட்டு வருகிறது. புட்டி வடிவச் சூளைகள் அங்கே இன்றும் நிற்கின்றன. ஹான்லியில் உள்ள பாட்டரீஸ் அருங்காட்சியகத்தில் ஸ்டாஃபர்ட்ஷயர் பாத்திரங்களின் பெருந்தொகுப்பு இருக்கிறது. ஒன்றில் பொருள், மற்றொன்றில் அது செய்யப்பட்ட இடம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கே இக்குழந்தைத் தட்டுகளின் முழு வரலாறு கிடைக்கும்.

சேகரிப்பவர்கள் ஒவ்வொரு பொருளுக்கும் குறிப்பு எழுதிவைப்பார்கள்: அளவு, ஆண்டு, படத்தின் பொருள், நிறுவனம் தெரிந்தால் நிறுவனம், பின் குறைகள். அந்தக் கடைசி வரியை வேறு பெயரில் எழுதலாம் என்பதே நம் பரிந்துரை. மடங்கிய தாள், வழிந்த வண்ணம், பொருந்தாத விளிம்பு, தட்டின் அடியில் சூளைத் தாங்கி பதித்த மூன்று புள்ளிகள். இவற்றைக் குறைகள் என்று எழுதுவதற்குப் பதிலாகச் செய்தவர் தடயம் என்று எழுதினால், மேரிக்கு, வில்லியமுக்கு என்று தட்டின் முகத்தில் பெயர் பெற்ற குழந்தைகளின் பக்கத்தில், பெயர் பெறாத குழந்தைகளுக்கும் ஒரு வரி இடம் கிடைக்கும்.